ஆறடி எட்டு அங்குலம்

எங்கள் நாலு பேரில் ஒருத்தன் மட்டும்தான் கூடைப்பந்து விளையாடுகிறவன். மற்ற மூன்று பேருக்கும் கூடைப்பந்து என்றால் அவன் இரவு ஒரு மணிக்கு வட்ஸ்அப் குறூப்பில் போடுகிற வீடியோக்கள்தான். பார்க்காமலே ஒரு கைதட்டலைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவோம். போன தவணை, அசைன்மென்ற் குடுக்கவேண்டிய நாளுக்கு முதல்நாள் இரவு, எல்லாரும் முழிச்சிருந்த நேரம், அவன் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டான். கீழே இப்படி எழுதியிருந்தான்: "இந்தாள் ஒலிம்பிக்கில உயரம் பாய்தல் தங்கம். பிறகு என்.பி.ஏ. அங்கயும் ரெண்டு தரம் சம்பியன். நம்புறியளா?"

நம்பவில்லை. அதனால் தேடினோம். அசைன்மென்ற் பிந்தித்தான் போனது.

படத்தில் இருந்தவரின் பெயர் வோல்ற் டேவிஸ். 1931இல் அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயதில் போலியோ வந்து மூன்று வருடம் நடக்க முடியாமல் கிடந்திருக்கிறார். அதே கால்களால் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 2.04 மீற்றர் பாய்ந்து, ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் எடுத்தார். அடுத்த வருடம் ஜூன் மாதம் 2.12 மீற்றர் பாய்ந்தார். அது உலக சாதனை. அதற்கு முதல் இருந்த சாதனை 1941இலிருந்து அசையாமல் நின்றது.

அதன்பிறகு உயரம் பாய்தலை விட்டுவிட்டு பிலடெல்பியா வொரியர்ஸ் அணிக்குக் கூடைப்பந்து விளையாடப் போனார். எங்கட பெடியன் படம் போட்டபோது நாங்கள் இப்போதைய என்.பி.ஏ.யைத்தான் மனதில் வைத்திருந்தோம்: கோடிக்கணக்கில் டொலர், சப்பாத்துக்கு ஒரு ஒப்பந்தம், வீடு நிறைய கார். 1950களின் என்.பி.ஏ. அப்படியில்லை. எட்டே எட்டு அணிகள். ஒரு அணி பந்தை வைத்துக்கொண்டு நேரத்தை இழுத்தடிக்கலாம் என்ற நிலை மாறி, 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறியவேண்டும் என்ற விதியே 1954இல்தான் வந்தது. விளையாட்டு இல்லாத மாதங்களில் வீரர்கள் பலர் வேறு வேலைக்குப் போனார்கள். வோல்ற் டேவிஸ் அங்கே நட்சத்திரமும் இல்லை. வொரியர்ஸில் போல் அரிசின், நீல் ஜோன்ஸ்ரன் போன்ற பெரிய ஆட்கள் இருந்தார்கள். டேவிஸ் வாங்கிலிருந்து எழும்பி வந்து அவர்களுக்குத் துணை நிற்கிற ஆள். 1956இல் அந்த அணி சம்பியன். பிறகு சென் லூயிஸ் ஹோக்ஸுக்கு மாறினார். 1958 ஏப்ரல் 12, பொஸ்ரன் செல்ரிக்ஸோடு நடந்த கடைசி ஆட்டத்தில் பொப் பெற்றிற் 50 புள்ளி எடுக்க, ஹோக்ஸும் சம்பியன். அத்தோடு டேவிஸின் கூடைப்பந்து வாழ்க்கை முடிந்தது. ஐந்து பருவம், இரண்டு கிண்ணம்.

அவர் கொடுத்த விலை ஒன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் விளையாட்டுக்குக் காசு வாங்கினால் ஒலிம்பிக் கதவு சாத்தப்படும். 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக் வந்தபோது தன் தங்கத்தைக் காப்பாற்றப் போக அவருக்கு வழியில்லை. அந்த வருடம் ஜூன் கடைசியில் லொஸ் ஏஞ்சலிஸில் சார்ள்ஸ் டூமாஸ் என்ற பத்தொன்பது வயதுப் பெடியன் ஏழடிக்கு மேல் பாய்ந்த முதல் மனிதனானான். டேவிஸின் உலக சாதனை அத்தோடு போனது. மெல்பேர்ண் தங்கமும் டூமாஸுக்குத்தான்.

இவ்வளவும் வாசித்து முடித்த நேரம் எங்களில் ஒருத்தி கேட்டாள்: "அந்த ஹெல்சிங்கிப் போட்டியில வேற ஆர் ஆர் பாய்ஞ்சவை?"

அவள் கேட்டதில் ஒரு காரணம் இருக்கு. பள்ளிக்கூடத்தில் அவள் உயரம் பாய்ந்தவள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். பெயர்ப் பட்டியலைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனால், இலங்கை என்று ஒரு வரி. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்.

பெயர் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பொது அறிவுப் புத்தகத்தில் வருகிற பெயர். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கம் பெற்றுக்கொடுத்தவர் யார்? விடை: எதிர்வீரசிங்கம். அவ்வளவுதான் தெரியும். அவர் எந்தப் பள்ளிக்கூடம், எந்த மைதானம், எந்த வருடம், ஒன்றும் தெரியாது. புள்ளி கிடைத்தால் போதும் என்று பாடமாக்கின பெயர்.

அவர் யாழ். மத்திய கல்லூரி. பண்ணைக் கடற்கரைக்குச் சைக்கிளில் போகும்போது நாங்கள் கணக்கில்லாமல் கடந்துபோன இடம். ஒரு பக்கம் நூலகம், மற்றப் பக்கம் துரையப்பா விளையாட்டரங்கு. 1934 ஓகஸ்ற்றில் பிறந்தவர், 1952 ஜூலையில் ஹெல்சிங்கியில் நிற்கிறார். பதினெட்டு நிறைய இன்னும் ஒரு மாதம் இருக்கு. அந்த வயதில் நாங்கள் உயர்தரத்துக்கு ரியூசன் வகுப்பு வகுப்பாக ஓடிக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில், பாய்ந்த பிள்ளை எங்களுக்கு ஒரு வகுப்பே எடுத்தாள். இப்போது உயரம் பாய்கிறவர்கள் முதுகைத் தடிக்குக் காட்டி, மல்லாக்கப் பறந்து, தடித்த மெத்தையில் முதுகால் விழுவார்கள். அந்த முறையை உலகம் கண்டது 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில், டிக் பொஸ்பரி 2.24 மீற்றர் பாய்ந்தபோது. அதற்கு மெத்தை வேண்டும். 1950களில் மெத்தை கிடையாது. மணல், இல்லாவிட்டால் மரத்தூள். முதுகால் விழுந்தால் கழுத்து முறியும். ஆகவே தடிக்கு மேலால் பக்கவாட்டாகவோ குப்புறவோ உருண்டுபோய், காலும் கையும் முதலில் நிலத்தில் படுகிறமாதிரி விழவேண்டும். பாயும்போதே எப்படி விழுவது என்றும் யோசிக்கவேணும். "ரெண்டு மீற்றர் உயரத்தில இருந்து மணலுக்க விழுறதெண்டா சும்மாவோ?" என்று கேட்டாள். "ஒரு நாளைக்கு இருபது தரம் அப்பிடி விழுந்துதான் பழகியிருப்பார்."

நாங்கள் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். இவளுக்கு இவ்வளவு தெரியும் என்பதே எங்களுக்கு இரண்டு வருடமாகத் தெரியாது.

எதிர்வீரசிங்கம் மெல்பேர்ணிலும் பாய்ந்தார். அமெரிக்காவில், லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே கூடைப்பந்துப் பயிற்றுநராக இருந்தவர் ஜோன் வூடன். கூடைப்பந்து தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் எழும்பி நிற்பார்கள். எங்கட பெடியனும் எழும்பி நின்றான். யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருத்தன் அந்த வளாகத்தில் நடந்து திரிந்திருக்கிறான் என்பதை அவனால் அன்றிரவு முழுக்கத் தாங்க முடியவில்லை.

1958 மே மாதம் டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி. எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசியப் போட்டிச் சாதனை. இலங்கை அதற்கு முதல் ஆசியப் போட்டியில் ஒரு தங்கமும் எடுத்ததில்லை.

2.03 மீற்றர் என்றால் ஆறடி எட்டு அங்குலம். இதைக் கணக்குப் பார்த்தவன் எங்கட கூடைப்பந்துக்காரன்தான். வோல்ற் டேவிஸின் உயரம் எவ்வளவு தெரியுமா? சப்பாத்து இல்லாமல் நிமிர்ந்து நின்றால் அதே ஆறடி எட்டு அங்குலம். ஹெல்சிங்கியில் தன்னை வென்ற மனிதர் நேராக நின்றால் அவரது தலைக்கு மேலால் போகிற உயரத்தை, ஆறு வருடத்துக்குப் பிறகு எதிர்வீரசிங்கம் பாய்ந்திருக்கிறார். தற்செயல்தான். ஆனாலும் எங்களுக்கு அது பிடித்திருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை "யாழ்ப்பாணத்தின் பெருமை" என்ற தலைப்பில் வந்திருக்கும். எங்களில் நாலாவது ஆள் வரலாறு சிறப்புப் பாடமாகச் செய்கிறவன். அவன் திகதியைப் பார்த்தான்.

டோக்கியோப் போட்டி 1958 மே 24 தொடங்கி ஜூன் 1 முடிகிறது. இலங்கையில் தமிழருக்கு எதிரான வன்முறை மே 22 இரவு பொலன்னறுவை ரயில் நிலையத்தில் தொடங்குகிறது. பிறகு தோட்டங்கள், குடியேற்றங்கள், கொழும்பு, பாணந்துறை. பாணந்துறையில் கோயில் ஐயரை உயிரோடு கொளுத்தினார்கள். இங்கே, நயினாதீவில் விகாரை தாக்கப்பட்டது. அதையும் எழுதாமல் விடக்கூடாது. மே 27 அவசரகாலச் சட்டம் வந்தது. அத்தோடு பத்திரிகைத் தணிக்கையும் வந்தது. நாட்டில் என்ன நடக்கிறது என்பதை எழுத முடியாது. டோக்கியோவில் என்ன நடந்தது என்பதை எழுதலாம். அந்தக் கிழமைப் பத்திரிகைகளைத் தேடி எடுக்கவேணும் என்று வரலாற்றுக்காரன் குறித்து வைத்திருக்கிறான்.

இரண்டு வருடத்துக்கு முதல், 1956 ஜூனில், சிங்களம் மட்டும் என்ற சட்டம். அதே வருடக் கடைசியில் மெல்பேர்ணில் அவர் இலங்கைக்காகப் பாய்கிறார். 1957 ஜூலையில் பண்டா - செல்வா ஒப்பந்தம். 1958 ஏப்ரலில் அது கிழித்தெறியப்படுகிறது. அடுத்த மாதம் டோக்கியோ. ஒரு மனிதன் ஒரு தடியைத் தாண்டப் பழகிக்கொண்டிருந்த வருடங்களும் இவைதான்.

இதில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. சும்மா வாக்குவாதம் இல்லை, இரண்டு நாள் குறூப்பில் ஒருத்தரும் கதைக்கவில்லை. ஒரு பக்கம்: "பாணந்துறையில ஆக்கள் எரியேக்க அங்க சிங்கக்கொடி ஏறுது. அதில நாங்கள் பெருமைப்பட என்ன இருக்கு? உது அவையின்ர தங்கம்." மற்றப் பக்கம்: "பாய்ஞ்சது அவர். மணலுக்க விழுந்தது அவர். கொடியே பாய்ஞ்சது?" இன்னொரு குரல் இடையில்: "பொது அறிவுப் புத்தகம் முதல் தங்கம் எண்டு மட்டும் சொல்லுது. அந்தக் கிழமை என்ன நடந்ததெண்டு சொல்லேல்ல. பிழை அங்கதான் இருக்கு."

அந்த மேடையில் நின்றபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்று எழுத எங்களில் ஒருத்தர் ஒரு பந்தி தயாரித்தார். நல்லாத்தான் இருந்தது. வெட்டிவிட்டோம். அது அவருடைய மனம், எங்களுடையதில்லை.

சண்டை முடிந்ததும் ஒரு தற்செயலால்தான். நாங்கள் இருக்கிற வீட்டுக்கார அன்ரி வாடகை வாங்க வந்தா. மேசையில் கிடந்த எங்கட குறிப்பில் 1958 என்று பெரிதாக எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளையள், கலவரத்தைப் பற்றியே படிக்கிறியள்?" என்று கேட்டா. இல்லை அன்ரி, விளையாட்டு என்று சொன்னோம். அவவின் அப்பா அப்போது கொழும்பில் கிளாக்கர். அகதிகளை ஏற்றிக்கொண்டு வந்த கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினவராம். அவவுக்கு அப்போது நாலு வயது. கப்பலோ துறைமுகமோ ஞாபகமில்லை. அப்பாவின் கையில் ஒரு குடை மட்டும் இருந்தது ஞாபகம். வேறு ஒன்றும் கொண்டுவரவில்லை, குடையை ஏன் கொண்டுவந்தார் என்று பிறகு வீட்டில் பகிடி பண்ணுவார்களாம்.

எதிர்வீரசிங்கம் தங்கம் எடுத்தது அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டோம். "தெரிஞ்சிருக்கும். அவர் பேப்பர் ஒண்டும் விடமாட்டார்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சந்தோசப்பட்டிருப்பார். அந்தாள் அப்பிடித்தான்," என்றா. பிறகு வாடகைக் காசை எண்ணினா.

அதற்குப் பிறகு நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. தீர்ப்பு ஒன்றும் எடுக்கவுமில்லை. குடையோடு வந்து இறங்கின ஒரு ஆள் சந்தோசப்பட்டிருக்கலாம் என்றால், அதைப் பிழை என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை?

இனி, எங்கட பாய்ந்த பிள்ளை. அவள் மாகாண மட்டம் வரை போனவள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் இருந்த மெத்தை நடுவில் கிழிந்து பஞ்சு வெளியில் வந்தது. மேலே படங்கு விரித்து, நாலு பேர் மூலைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்க, அவள் பாய்வாள். பிடிக்கிறவர்கள் சிரித்தால் படங்கு நழுவும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அலங்காரத்துக்குச் செலவழித்த காசில் ஒரு மெத்தை வாங்கியிருக்கலாம் என்று அவள் இப்போதும் சொல்லுவாள். உயர்தரம் தொடங்கினதும் வீட்டில் நிறுத்தச் சொன்னார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை. அம்மா ஒரு கேள்விதான் கேட்டா: "பாய்ஞ்சு என்ன பிள்ளை செய்யப்போறாய்?" அவளிடம் பதில் இருக்கவில்லை.

எதிர்வீரசிங்கத்திடமும் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கலாம். வோல்ற் டேவிஸுக்கு ஒரு பதில் இருந்தது: எட்டு அணிகள் கொண்ட ஒரு தொழில், சம்பளம் சின்னதென்றாலும் மாதக் கடைசியில் கைக்கு வரும், அதற்காக ஒலிம்பிக்கை விட்டுக்கொடுக்கலாம். உயரம் பாய்தலுக்கு அப்படி ஒரு தொழில் உலகத்தில் எங்கேயும் இருக்கவில்லை. எதிர்வீரசிங்கம் பாய்ந்துகொண்டே படித்தார். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் வெள்ளி எடுத்தார். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். பிறகு ஆபிரிக்காவில் படிப்பித்தார். பாய்தல் அவருக்குச் சோறு போடவில்லை, படிப்புத்தான் போட்டது. இதைச் சொன்னால் எல்லா அம்மாமாரும் "பாத்தியே" என்பார்கள். எங்களுக்கு அந்தப் "பாத்தியே"தான் பிரச்சினை. அவர் ஒன்றை விட்டுத்தான் மற்றதைப் பிடித்தார் என்று அந்தக் கதையில் எங்கேயும் இல்லை. முதல் ஒலிம்பிக்குக்கும் ஜகார்த்தா வெள்ளிக்கும் இடையில் பத்து வருடம். பத்து வருடமும் இரண்டும் கூடவே நடந்திருக்கிறது.

விளையாட்டைத் தொழிலாக்கின ஆட்கள் இங்கே இல்லாமலும் இல்லை. புன்னாலைக்கட்டுவன் ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், 2.08 மீற்றர் உயரம், இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் ஆசியக் கிண்ணங்கள் எடுத்தவர், அவுஸ்திரேலியாவில் கழக அணிகளுக்குப் போய் விளையாடினார். வோல்ற் டேவிஸை விட ஐந்து சென்றிமீற்றர் உயரம்! ஊரில் அந்த உயரத்தோடு ஒரு பெட்டை பஸ்ஸில் ஏறி இறங்க என்னென்ன கேட்டிருப்பாள் என்று எங்கட பிள்ளை சொன்னபோது, கேட்டிருக்கக்கூடிய ஆட்களில் நாங்களும் இருக்கிறோம் என்று எங்களுக்கு உறைத்தது.

எதிர்வீரசிங்கம் 2024 ஏப்ரலில், 89 வயதில், அமெரிக்காவில் காலமானார். அந்தச் செய்தி எங்கட போனுக்கும் வந்திருக்கும். மேலே தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்போம்.

ஒரு பின்னேரம் நாலு பேரும் மத்திய கல்லூரிப் பக்கம் போனோம். துரையப்பா அரங்கில் யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள். 1975இல் சுட்டுக் கொல்லப்பட்ட மேயரின் பெயர் வைத்த அரங்கு, 1999இல் திருத்த வேலைக்குத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வந்த நிலம், 2016இல் இந்தியக் காசில் திருத்தித் திறந்த மைதானம். வரலாற்றுக்காரன் தொடங்கினால் நிறுத்தமாட்டான் என்று அவனுக்குக் கச்சான் வாங்கிக் கொடுத்தோம். கம்பிக்கு வெளியில் நின்று பார்த்தோம். எங்கட பிள்ளை ஒன்றும் கதைக்கவில்லை. ஓடுகிறவர்களின் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்து அளவுநாடா எடுத்தாள். அறைக் கதவு நிலை ஆறடி ஆறு அங்குலம். அதற்கு மேல் இரண்டு அங்குலம் அளந்து, கதிரையில் ஏறி நின்று, சுவரில் சோக்கால் நேராக ஒரு கோடு கீறினாள். கூடைப்பந்துக்காரன் ஒரு எட்டு எடுத்துத் துள்ளிக் கையால் தொட்டான். "கையால இல்லை மச்சான், முழு உடம்பும் இதுக்கு மேலால போகவேணும்," என்றாள். நாலு பேரும் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தோம். கீழே நின்று பார்க்கப் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் அன்ரி வாடகைக்கு வந்தபோது கோட்டைக் கண்டுவிட்டா. என்ன ஏது என்று முழுக்கச் சொன்னோம், டோக்கியோ, ஆறடி எட்டு அங்குலம், எல்லாம். பொறுமையாகக் கேட்டா.

"சரி பிள்ளையள். வீடு விடேக்க பெயின்ற் அடிச்சுப்போட்டுத்தான் போகவேணும்."